அம்மன் போட்ட கீறல்

குத்துக்கல்வலசை,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

திருவேங்கடத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து நடத்திவரும் மைத்துனன் தில்லைநாயகத்துக்கு, உன் அக்காள் சண்முகசுந்தரியின் கணவனும், தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய நெல்லையப்பன் எழுதுவது. இங்கே சாரல் நன்றாக இருக்கிறது. அருவியில் தண்ணீர் குறைவில்லாமல் விழுகிறது. உன் அக்காளுக்கு முழங்கால் வலி மட்டும் உண்டு, மற்றபடி சுகம். அங்கே உன் சுகத்தையும், உன் மனைவி உமா மகேஸ்வரியின் சுகத்தையும், பிள்ளைகளின் படிப்பு விவரத்தையும் அறிய உன் அக்காள் ஆவலாக இருக்கிறாள். எனக்கு அப்படி ஆவல் ஒன்றும் கிடையாது. மரியாதைக்காகக் கேட்டு வைக்கிறேன்.

இந்தக் காலத்தில் எவனாவது கடிதம் எழுதுவானா என்று நீ சிரிப்பாய். சிரி. உன் புது வீட்டுப் பால்காய்ப்பு அன்றைக்கு, பந்தியில் அத்தனை பேருக்கும் முன்னால், "இனிமே இவன்கூட வாயால பேசினா நான் நெல்லையப்பன் இல்ல" என்று நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். வருஷம் எட்டாகிறது, பேசவில்லை. வாட்ஸப்பில் எழுதலாமே என்றால் உன் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறேன். அதை எடுத்துவிட எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டால் யாரு, என்ன சண்டை என்று ஆரம்பிப்பார்கள். வாயால் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேனே தவிர, கையால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே சபதம் சபதமாக இருக்கிறது, கடிதமும் வருகிறது. தபாலில் போட்டால் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்பதால் பஸ்ஸில் பழைய கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவரிடம் என்னைப் பற்றி ஒன்றும் விசாரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். என் பாட்டெல்லாம் போய்விட்டது. ஒன்று இரண்டு இல்லை, மொத்தமும். கறுப்பாக, சோப்பு டப்பா மாதிரி ஒரு ஹார்டு டிஸ்க் வைத்திருந்தேனே, மேலே பிளாஸ்திரி ஒட்டி 'பாட்டு, தொடாதே' என்று என் கையால் எழுதியிருந்தேனே, நீ தொட்டாயே, அதுதான். பஸ் ஸ்டாண்டு காலத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தது. மற்றவர்களைப் போலப் படம் வாரியாக, பாடியவர் வாரியாக அடுக்குகிற ஆள் நான் இல்லை, அது சோம்பேறிகள் வேலை. நான் வேளை பார்த்து அடுக்கியிருந்தேன். சாரல் அடிக்கும்போது கேட்பதற்கு ஒரு ஃபோல்டர், சாரல் வருகிறாற்போல வானம் மூடம் போட்டுவிட்டு ஏமாற்றும்போது கேட்பதற்கு ஒரு ஃபோல்டர், போன கரண்ட் திரும்பி வந்ததும் கேட்பது, சின்ன வெங்காயம் உரிக்கையில் கேட்பது, சொந்தக்காரர்கள் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும்போது போடுவது என்று தனித்தனியாக இருந்தது. கடைசியாகச் சொன்னதை நீ அடிக்கடி கேட்டிருப்பாய்.

அதெல்லாம் போனால் போகட்டும், சவத்தை விடு. இரண்டு நாள் சோறு இறங்காது, அப்புறம் மறுபடி முதலிலிருந்து சேர்த்துவிடுவேன். ஆனால் முதல் பாட்டும் அதோடு போய்விட்டதே மாப்பிள்ளை, அதைத்தான் தாங்க முடியவில்லை. அது என்ன பாட்டு என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவன் போல நடந்துகொண்டாய் என்பதால் மறுபடியும் விளக்கமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் தெரு முப்புடாதி அம்மன் கோயில் கொடையில் ஒரு குடும்பத்துக்குப் பரிவட்டம், ஒரு குடும்பத்துக்குக் கிடா, எங்கள் குடும்பத்துக்கு முதல் பாட்டு. மைக் செட் கட்டியதும் நாங்கள் கொடுக்கிற பாட்டைப் போட்ட பிறகுதான் வேறு எவன் பாட்டும். அப்பா வாங்கிய இசைத்தட்டு அது. லேபிள் கிழிந்துபோனதால் பாடியது யார், எழுதியது யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு கொடையில் வெட்டுவதற்குக் கொண்டுவந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு மைக் செட்டுக்குள் பாய்ந்து, இசைத்தட்டை மிதித்துவிட்டு ஓடியது. அப்பா அழாத குறையாக வேட்டியால் துடைத்துப் போட்டிருக்கிறார். 'வா தாயே' என்று வரவேண்டிய இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டு 'வா, வா, வா' என்று அடித்திருக்கிறது. ஏழாவது வாவில் அப்பா ஊசியைத் தட்டிவிட, அதே நேரம் சாமியாடிக்கு அருள் வந்துவிட்டது. அதுவரை அருள் வருவதற்கு உச்சி வெயில் ஆகிவிடும், மேளக்காரர்களுக்குக் கை ஓய்ந்துபோகும். அந்த வருஷத்திலிருந்து பஸ் டைம் மாதிரி ஏழாவது வாவில் வருகிறது. அம்மனே கிடா காலால் போட்ட கீறல் என்று ஊர் கூடி முடிவு செய்தது. அந்தக் கிடாவை அதற்கப்புறம் வெட்டவில்லை, வயசாகித்தான் செத்தது.

இப்போது சாமியாடுகிற மந்திரமூர்த்தி அந்தச் சாமியாடியின் மகன். அவருக்கும் ஏழாவது வா வந்தாக வேண்டும். இசைத்தட்டை அப்பா ஒருநாள் வெயிலில் காயவைத்து அப்பளமாக வளைத்துவிட்டார். நல்லவேளை, அதற்குள் நான் கேசட்டில் பிடித்திருந்தேன். கேசட்டில் சாரல் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்தது. அதற்குள் டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு கொடைக்கும் அதிலிருந்து பென் டிரைவில் எடுத்துப் போவேன், பாட்டு முடிந்ததும் மைக் செட்காரரிடமிருந்து வாங்கி அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். கீழத்தெரு செல்லப்பா கையில் அது சிக்கக் கூடாது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிற அதே செல்லப்பாதான். முதல் பாட்டு உரிமைக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார். ஒரு வருஷம் எங்களால் போட முடியாமல் போனால் உரிமை அவருக்குப் போய்விடும், அது ஊர்க் கட்டுப்பாடு. ஊரில் எல்லோர் செல்போனிலும் வீடியோ இருக்குமே என்பாய். எடுத்தவர்கள் எல்லாம் சாமியாடியைத்தான் எடுத்திருக்கிறார்கள். மேளமும் குலவையும்தான் கேட்கிறது, பாட்டு கேட்கவில்லை. இன்டர்நெட்டில் தேடலாம் என்றால் பெயர் தெரியாத பாட்டை என்ன பெயரில் தேடுவது?

அந்தப் பாட்டைத்தான் நீ குற்றால சீசனுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, நான் ஐந்தருவிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மற்ற எல்லாவற்றோடும் சேர்த்து உன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டாய். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்பது வேறு விஷயம். கொடுத்திருக்க மாட்டேன். அப்புறம் அதை உன் பால்காய்ப்பில் போட்டாய். நானும் இலையில் கையை வைத்தபடி காத்திருக்கிறேன். முதல் வா வருகிறது, இரண்டாவது வா வரவில்லை. பாட்டு 'வா தாயே' என்று வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, "அத்தான், கீறலா கிடந்துச்சுல்லா, ஒரு சாப்ட்வேர் போட்டு சுத்தம் பண்ணிட்டேன், எப்படி இருக்கு?" என்கிறாய். அம்மன் போட்ட கீறலை அழிக்க நீ யாருலே? பாயசம் ஊற்ற வந்தவன் ஊற்றட்டுமா வேண்டாமா என்று வாளியோடு நிற்கிறான், நான் எழுந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்தப் பாயசம் ரொம்ப நன்றாக இருந்தது என்று உன் அக்காள் வந்து சொன்னாள், அதை நினைத்தாலும் எரிகிறது.

சரி. இந்த வருஷம் கொடைக்குப் பந்தக்கால் நாட்டிய அன்றைக்குப் பாட்டை எடுத்து வைப்போம் என்று டிஸ்க்கை எடுத்து டிவியில் மாட்டினேன். 'டிக், டிக், டிக்' என்றது. வேறு ஒன்றும் இல்லை. கழற்றி மாட்டினேன், தட்டிப் பார்த்தேன், விபூதி பூசினேன், டிவியையும் தட்டினேன். மேலே ஒட்டிய பிளாஸ்திரி தலைகீழாகத் திரும்பி இருந்தது. சாரல் ஈரத்துக்குப் பசை இளகித் திரும்பியிருக்கும் என்று அதை நேராக ஒட்டி மறுபடி மாட்டினேன். அப்போதும் டிக்தான். உன் அக்காள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, போயிட்டா?" என்று, பால்காரர் போய்விட்டாரா என்று கேட்பதுபோலக் கேட்டாள். பெண்களுக்குப் பாட்டின் அருமை தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

தென்காசியில் பென்னி கடை இருக்கிறதே, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன், அவனிடம் கொண்டுபோனேன். கவனி, டிஸ்க்கை மாட்டிப் பார்க்காமலே உதட்டைப் பிதுக்கினான். "அண்ணாச்சி, உள்ள தட்டுல முள்ளு ஒட்டிக்கிட்டு. இங்கன திறக்க முடியாது. தூசியே இல்லாத ரூம்ல வச்சித்தான் திறக்கணும். ஒரு பொட்டு தூசி பட்டாலும் சோலி முடிஞ்சிரும். அந்த மாதிரி ரூம் சென்னையிலதான் இருக்கு" என்றான். எனக்கு வந்ததே கோபம்! "சென்னையிலயா? தூசி இல்லாத ரூமா? ஒருதடவை சென்னைக்குப் போயிட்டு வந்து ஒரு வாரம் மூக்குச் சிந்தினேன்டே. ஊரெல்லாம் நல்ல காத்துக்காக நம்ம குற்றாலத்துக்கு வருதான், குற்றாலத்துக்காரன் தூசி இல்லாத ரூமுக்குச் சென்னைக்குப் போகணுமா?" என்று கேட்டேன். "அப்படி இல்ல அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் இருமினான். அப்புறம் தானாகவே டீ வாங்கிக் கொடுத்தான், பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தான். பென்னி இதுவரை யாருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. என் துக்கத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் குற்றாலத்தில் ரூம் கிடைப்பது என்ன லேசா? ஒவ்வொரு லாட்ஜாக ஏறி இறங்கினேன். கடைசியில் செங்கோட்டைப் பக்கத்து மானேஜர் ஒருவர் மொட்டை மாடியை ஒட்டி ஒரு ரூம் இருக்கிறது, எத்தனை பேர் என்று கேட்டார். "நான் ஒருத்தன், பொறவு இது" என்று டிஸ்க்கைக் காட்டினேன். "இதுக்கு என்ன?" என்றார். "உடம்பு சரியில்லை, நல்ல காத்து வேணும்" என்றேன். அவர் என்னையும் டிஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். ரூமுக்குள் போய் ஜன்னலையெல்லாம் நன்றாகத் திறந்துவைத்தேன், சாரல் உள்ளே வந்து தூசியை அடக்கட்டும் என்று. ஈரத் துண்டால் தரையைத் துடைத்து, குளித்து, வேட்டி மாற்றி, மூக்குக்கண்ணாடி ஸ்குருவைத் திருகுகிற சின்ன ஸ்குரு டிரைவரால் மூடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்தால் கண்ணாடி போலப் பளபளவென்று ஒரு தட்டு, அதன்மேல் ஒரு முள். அப்பாவின் பாட்டுப் பெட்டிதான் சின்னதாகி உள்ளே உட்கார்ந்திருக்கிறது! இதற்கா இவ்வளவு படிப்பு, இவ்வளவு இங்கிலீஷ்? அப்பா செய்தது மாதிரி முள்ளை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினேன். முள் கையோடு வந்துவிட்டது.

முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டு நிற்கும்போது கதவைத் தட்டுகிறார்கள். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற பிச்சுமணி. "ஐயா, எண்ணெய் தேய்ப்பு இருக்கா?" என்று உள்ளே வந்தவர் கட்டிலில் கிடந்த டிஸ்க்கைக் குனிந்து பார்த்தார். "இது பிடிச்சுக்கிட்டுய்யா. நம்ம கேஸுதான். ரெண்டு சொட்டு விட்டு நீவி எடுத்தா விட்டுரும்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கால் நாட்டிய நாளிலிருந்து எல்லோரும் முடியாது முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். முடியும் என்று சொன்ன முதல் ஆள் இவர்தான், எப்படி வேண்டாம் என்பேன்? மூலிகைத் தைலத்தைத் தட்டில் விட்டுப் பெருவிரலால் வட்டம் வட்டமாக நீவினார். என் முதுகுக்குக்கூட எவனும் அவ்வளவு பக்குவமாக நீவியதில்லை. தட்டு சுற்றியது மாப்பிள்ளை! வழுவழுவென்று சுற்றியது. பாட்டு மட்டும் வரவில்லை. "கொஞ்ச நேரம் ஊறட்டும்யா. பொறவு பழைய அருவில தண்ணி லேசா விழுத இடத்துல ஒரு நிமிஷம் காட்டினா..." என்று அவர் சொல்லும்போதுதான் எனக்குச் சுயபுத்தி வந்தது. அவரை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பினால் திறந்த ஜன்னலில் ஒரு குரங்கு. தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது என்று எழுதப்போகிறேன் என்றுதானே நினைக்கிறாய்? அது டிஸ்க்கை எடுத்தது, மோந்து பார்த்தது, என்னைப் பார்த்தது, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டது. அந்தக் குரங்கு பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். உன் அக்காள் ஐயோ என்று தலையில் அடித்துக்கொள்வாள் என்று பார்த்தால், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இருமல் வரும்வரை சிரித்தாள். "அதுக்கு எண்ணெயும் தேச்சாச்சா? அப்போ சீயக்காய் வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள். என் குடியே முழுகிக் கிடக்கிறது, இவளுக்குச் சீயக்காய்! அப்புறம் முழங்காலை நீவிக்கொண்டே, தன்பாட்டுக்குச் சொல்வது போல, "தம்பிகிட்ட ஒண்ணு இருக்கும்லா" என்றாள்.

"ஏளா, அது திருட்டுப் பொருளு" என்றேன்.

"திருட்டுப் பொருளா இருந்தா பாடாதா?"

"அவன் அதைச் சுத்தம் பண்ணித் தொலைச்சிட்டான்."

"சுத்தம் பண்ணாததையும் வச்சிருப்பான். அவன் சின்னதுல விழுந்த பல்லையே தூரப் போடாம டப்பியில வச்சிருந்தவன்" என்றாள். நான் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அதற்கான ஃபோல்டரும் இல்லாததால் வீடு வெறிச்சென்று இருந்தது.

பாட்டு இல்லாவிட்டால் என்ன, என் தொண்டை இருக்கிறது என்று அடுத்த யோசனை வந்தது. எத்தனையோ வருஷம் பஸ் ஸ்டாண்டு மைக் பிடித்த தொண்டை. மந்திரமூர்த்தியை வீட்டுக்கு வரவழைத்தேன். விபூதி பூசி, கண்ணை மூடி, கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். நான் எழுந்து நின்று பாட்டைப் பாடி, கீறல் இடத்தில் 'வா, வா, வா' என்று ஏழுதடவை கணக்காகச் சொன்னேன். அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க கூப்பிடுதது செங்கோட்டை பஸ்ஸுக்கு ஆள் ஏத்துத மாதிரி இருக்கு. எனக்கு ஓடிப்போயி சீட்டுப் போடணும்னு இருக்கே தவிர, ஆடணும்னு வரல" என்றார். மறுபடி, கொஞ்சம் பக்தியோடு, மூக்கால் பாடினேன். இந்தத் தடவை இடது கால் மட்டும் ஆடியது. வலது கால் சும்மா இருக்கிறது, இடது கால் தனியாகத் தையல் மிஷின் மிதிப்பதுபோல ஆடுகிறது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். "பாதி வந்திருக்கு அண்ணாச்சி" என்றார். "மத்த பாதி?" என்றேன். "அது அந்தக் கீறல்ல இருக்கு" என்றார். உன் அக்காள் காபி கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் கால் நின்றது.

போகும்போது வாசலில் நின்று அவர் ஒன்று சொன்னார். "எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. செவ்வாய்க்கிழமை ஊரே சுத்தி நிக்கும். செல்லப்பா பாட்டைப் போட்டு எனக்கு வராமப் போச்சுன்னா என்ன செய்ய? வராம வந்த மாதிரி நடிக்க எனக்குத் தெரியாது." அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை மாப்பிள்ளை. செல்லப்பாவின் பாட்டு என்ன என்பதையும் கேள். கோயில் கூட்டத்தில் எழுந்து, "அண்ணாச்சிக்கு முடியலைன்னா முடியலைன்னு சொல்லட்டும், எங்கிட்ட பாட்டு தயாரா இருக்கு. டிஜே போட்ட பாட்டு" என்று செல்போனில் போட்டுக் காட்டினார். அம்மனை ஒருத்தன் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தத்தில் கூப்பிடுகிறான். பக்கத்துக் கடை ஷட்டர் அதிர்கிறது. நான் எழுந்து, "எங்க குடும்பத்துப் பாட்டு இருக்குவே, எங்கயும் போகல, செவ்வாய்க்கிழமை வந்து காதாரக் கேளும்!" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. அது உன்னிடம் இருக்கிறது.

ஆகவே உனக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால். கேட்கிறேன் என்று நினைக்காதே, நான் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். நீ எடுத்தது திருட்டுதான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் எடுத்ததை ஒழுங்காக எடுத்தாயா, இல்லை அரைகுறையாக எடுத்தாயா என்று எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது. சுத்தம் பண்ணாத அசல், கீறலோடு, ஏழு வாவோடு உன்னிடம் இருக்குமானால் செவ்வாய்க்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் நேரில் கொண்டுவரவும். வேறு யாரிடமும் கொடுத்து அனுப்ப வேண்டாம், வழியில் செல்லப்பாவின் டெம்போக்கள் ஓடுகின்றன. நீ வந்தாலும் நான் வாயால் பேசமாட்டேன். உன் அக்காள் நடுவில் நின்று இங்கே சொன்னதை அங்கே சொல்வாள். அவசரமென்றால் மைக்கில் சொல்வேன், அது மைக் பேசுவது, நான் பேசுவதாக ஆகாது. கொடைக்கு உன் அக்காள் வைக்கும் பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து தம்பி அரிசி கொண்டுவருவது வழக்கம். எட்டு வருஷமாகக் கடை அரிசியில்தான் வைக்கிறாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, எழுதும்போது ஞாபகம் வந்தது, எழுதினேன்.

உமா மகேஸ்வரி தீர்க்க சுமங்கலியாக இருக்கட்டும். பிள்ளைகள் உன் புத்தி வராமல் நன்றாகப் படிக்கட்டும். உன் கடையில் கரண்ட் போகாமலும், கம்ப்யூட்டர்கள் நின்றுபோகாமலும் முப்புடாதி அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். உனக்கு ஆசீர்வாதம் செய்வதா வேண்டாமா என்பதை ஏழாவது வாவைக் கேட்ட பிறகு சொல்கிறேன்.

இப்படிக்கு,
அக்காள் வழியில் மட்டும் உன் அத்தான்,
நெல்லையப்பன்.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டுக் கவர் தேடினேன். உன் அக்காள் முளைப்பாரிக் கும்மிக்குப் போயிருக்கிறாள். மொய்க் கவர் பீரோவில் இருக்கும் என்று திறந்து, பட்டுச் சேலைகளுக்கு அடியில் கையை விட்டேன். என் பழைய துண்டில் சுற்றி, பாச்சா உருண்டை போட்டு, ஒரு கறுப்பு டப்பா. மேலே பிளாஸ்திரி உரித்த தடம். டிவியில் மாட்டினேன். டிக் என்று ஒரு சத்தம் இல்லை. சாரல், வெங்காயம், சொந்தக்காரர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. சத்தத்தைக் குறைத்து, டிவியில் காதை ஒட்டவைத்து முதல் பாட்டைக் கேட்டேன். ஏழும் இருக்கிறது. பென்னிக்குப் போன் போட்டு, மரியாதையாக உண்மையைச் சொல்லு என்றேன். "அக்காதான் வந்து செத்த டிஸ்க் ஒண்ணு வேணும்னு கேட்டாங்க அண்ணாச்சி. நீங்க வாயால கேக்க மாட்டீங்களாம், உங்களுக்கு ஒரு தேவை வந்தாத்தான் தம்பி வாசப்படி ஏறுவானாம். சொல்லும்போதே அழுதுட்டாங்க, நான் என்ன செய்ய?" என்றான். எட்டு வருஷம் மாப்பிள்ளை. என்னிடம் ஒருதடவைகூட அழவில்லை.

நான் எண்ணெய் தேய்த்தது, குரங்கு மோந்து பார்த்தது எல்லாம் பென்னி கடையில் கிடந்த எவனுடைய டிஸ்க்கோ. அது போகட்டும். துண்டில் சுற்றி, பாச்சா உருண்டையோடு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நான் பார்த்தது அவளுக்குத் தெரிய வேண்டாம், நீயும் உளறிவிடாதே. மேலே எழுதியிருப்பதெல்லாம் அப்படியே இருக்கட்டும், அவளைப் பொறுத்தவரை நீ அதை நம்பித்தான் வருகிறாய். பாட்டை ஒரு பென் டிரைவில் எடுத்து மடியில் வைத்திருக்கிறேன். உன்னிடம் சுத்தம் பண்ணியது மட்டும்தான் இருக்கிறது என்றாலும் பாதகமில்லை, என்னுடையதை உன் கையில் தருகிறேன். ஊருக்கு முன்னால் மைக் செட்காரரிடம் நீயே கொடு. இந்த வருஷ முதல் பாட்டு சண்முகசுந்தரியின் தம்பி கொண்டுவந்தது என்று நான் மைக்கில் சொல்கிறேன். அரிசியை மறந்தாலும் பரவாயில்லை, கிளம்பி வா, வா, வா, வா, வா, வா, வா. சரியாக ஏழு இருக்கிறது. சுத்தம் பண்ணிவிடாதே.